கேப்டன் வாங்கிக்கொண்ட ஒரு வாய்

நான் முதல்முறை அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது கேப்டன் துணி மடித்துக்கொண்டிருந்தார். பெரிய ஹோட்டல்களில் மடியில் விரித்துக்கொள்ளத் தருவார்களே, அந்த வெள்ளைத் துணி. இடது கை மடித்தது. வலது கை அதன்மேல் ஈர மூட்டை மாதிரி கிடந்தது. விசிறியாக நிற்கவேண்டிய துணி பாதியில் சரிந்தது. பிரித்தார், மறுபடி மடித்தார்.

"யாரு நீங்க?"

"உங்களைப் பாத்துக்க வந்திருக்கேன்."

"பாத்தாச்சுல்ல? கிளம்புங்க."

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுப்படி எங்கே என்று அவருடைய மகளிடம் கேட்டேன். இந்த வேலையில் முதல் நாள் வரவேற்பு எங்கும் இப்படித்தான்.

கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. ஹோட்டலில் சர்வர்களுக்கு மேலே நின்று, எந்த மேசைக்கு என்ன போகவேண்டும் என்று கண்ணாலேயே உத்தரவு போடுகிறவர். தட்டுக் கழுவ வந்து படிப்படியாக அந்த இடத்துக்கு ஏறியவர். ஆள் உட்காரும் விதத்தைப் பார்த்தே பசியில் வந்தாரா பகட்டுக்கு வந்தாரா என்று சொல்லிவிடுவாராம். மனைவி சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் மகளை வளர்த்ததும் அதே உத்தரவில்தான். பள்ளிக்கூடம் போகுமுன்பே அந்தப் பெண்ணுக்குச் சத்தமில்லாமல் சூப் குடிக்கத் தெரியும். ஹோட்டலில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு மேசையை எடுத்துவந்து முன்னறையில் போட்டிருந்தார். அதைச் சுற்றிக்கொண்டுதான் எங்கேயும் போகமுடியும். அவ்வளவு பெரிய மேசை, அவ்வளவு சின்ன வீடு.

பக்கவாதம் வந்தபிறகு அந்த மேசையில் அவர் சாப்பிடவே இல்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, தனியாகச் சாப்பிட்டார். வாயின் வலது ஓரம் மூடாது. உள்ளே போனதில் கொஞ்சம் வெளியே வரும். ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் மகள் ஊட்டப் போனபோது ஸ்பூனைத் தட்டிவிட்டாராம். நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். "அக்கா, கையை எடுங்க" என்றார். எடுத்துவிட்டேன். பிடிவாதக்காரர்கள் சீக்கிரம் தேறுவார்கள், தொந்தரவும் அவர்களால்தான்.

மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்திருந்தாள். பையன் வேறு நாட்டுக்காரன், வேறு மொழி. கேப்டனுக்கு அதில் வருத்தமில்லை. பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனான். "கோப்பையைக் கீழ வைக்கிறப்ப சத்தம் வரலை. போதும்" என்று சம்மதம் சொல்லிவிட்டார்.

வில்லங்கம் பையனின் அம்மா வழியாக வந்தது.

"அப்பா, அவங்கம்மா ஊர்லேருந்து வர்றாங்க" என்றாள் மகள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவங்க ஆளுங்க நடத்துற சாப்பாட்டுக் கடையில விருந்து. ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் ஒண்ணா சாப்பிட்டாத்தான் அவங்களுக்குப் பேச்சு முடிஞ்ச மாதிரி."

"நீ போயிட்டு வா."

"நான் சாப்பிட்டு என்ன ஆகப்போகுது? சாப்பிட வேண்டியது நீங்கப்பா. வராம இருந்தா இஷ்டமில்லைன்னு எடுத்துக்குவாங்க. அந்தம்மா மூட்டையைக் கட்டிடுவாங்க. அப்புறம் கல்யாணமே இல்லை."

"நாலு பேர் முன்னாடி வாய் ஒழுக உக்காரச் சொல்றியா? முடியாது."

மகள் அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் உக்கார வெச்சுப் பரிமாறினீங்க" என்றேன் நான். "உங்களை நீங்களே ஒரு நாற்காலியில உக்கார வெச்சுக்கத் தெரியலையே."

"வாய் ஜாஸ்தி உங்களுக்கு."

"உங்களுக்கு வாய் கோணல், எனக்கு ஜாஸ்தி. சரியாப் போச்சு."

முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் கோணலாக.

அன்று மத்தியானமே பயிற்சியைத் தொடங்கினோம். வெளிநாட்டுக்காரர்கள் என்றால் கத்தியும் முள்கரண்டியும்தான் என்பது அவர் கணக்கு. முள்கரண்டியின் பிடியில் கட்டுத்துணி சுற்றித் தடிமனாக்கினேன், வலது விரல்களுக்குள் நிற்கும்படி. நாலு பேர் முன்னால் இடது கையால் சாப்பிடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. சாப்பாட்டை இடது கன்னப் பக்கமாக வாங்கவேண்டும், தாடையைத் தாழ்த்தி விழுங்கவேண்டும், வெறும் வாயோடு இன்னொருமுறை விழுங்கவேண்டும், அதற்குப் பிறகுதான் பேச்சு. இவ்வளவும் வேகவைத்த உருளைக்கிழங்கை வைத்து நடந்தது. வலது கை தட்டிலிருந்து பாதி தூரம் வரை கொண்டுவரும், பிறகு தொங்கிவிடும். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கப் பழக்கினேன்.

"அவகிட்டச் சொல்லாதீங்க அக்கா. நடந்தா பாக்கட்டும்."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் எங்கள் தப்பைத் திருத்தியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டும் டையும் போட்டுக்கொண்டார். கட்டுத்துணி சுற்றிய முள்கரண்டியைக் கோட்டுப் பையில் வைத்தேன். விழுங்குவதில் ஏதாவது சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன்.

செருப்புக் கடைக்கும் துணி வெளுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு குறுகலான கடை. உள்ளே மசாலா வாசனை மூக்கைப் பிடித்தது. பையனின் அம்மா எழுந்து நின்றார். கனத்த உடம்பு, கை நிறைய வளையல், கேப்டனைவிட ஒரு பிடி உயரம். எல்லோரும் உட்கார்ந்ததும் சாப்பாடு வந்தது. மேசையை அடைத்தாற்போல் ஒரே ஒரு தட்டு. அதன்மேல் மெல்லிய, பஞ்சு மாதிரியான அப்பம் போர்வையாக விரித்திருந்தது. அப்பத்தின்மேல் சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் குழம்புக் குவியல்கள். கத்தி இல்லை. முள்கரண்டி இல்லை. ஆளுக்கு ஒரு தட்டுகூட இல்லை.

கேப்டனின் இடது கை கோட்டுப் பைக்குள் போய் அங்கேயே நின்றது.

"எல்லாரும் இதுலேருந்தேதான் மாமா" என்றான் பையன். அவனுடைய தமிழ் மகள் சொல்லிக்கொடுத்தது. "பிச்சி, தொட்டு, சாப்பிடணும். சோத்துக்கை மட்டும்."

"அப்பா, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்..." என்று மகள் முணுமுணுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

கையால் சாப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கை இருக்கிறவர்களுக்குக் கஷ்டமில்லை. அப்பத்தைக் கிழிக்கவே இரண்டு விரலில் பலம் வேண்டும். கேப்டன் எழப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், எழுந்து நிற்க நான் பழக்கிய மாதிரியே.

அதற்குள் அந்த அம்மா ஒரு துண்டு அப்பத்தைக் கிழித்து, மூன்று குழம்பையும் அள்ளிச் சுருட்டி, கேப்டனின் வாய்க்கு நேரே நீட்டிவிட்டார்.

"முதல் வாய் அம்மா ஊட்டுவாங்க" என்றான் பையன். "விருந்தாளிக்கு. பெருசா இருந்தா பெரிய மரியாதை."

மரியாதை எலுமிச்சம்பழ அளவு இருந்தது. விழுங்கச் சிரமப்படும் ஆளுக்கு அது ஆபத்து. நான் எழுந்தேன். கேப்டன் என்னைப் பார்த்து இடது கையின் இரண்டு விரலை லேசாகத் தாழ்த்தினார். சர்வரை 'இரு' என்று நிறுத்துகிற சைகை. நின்றேன்.

மகளைப் பார்த்தார். அவர் தலையைக் கொஞ்சம் திருப்பி, இடது ஓரத்தில் வாயைத் திறந்து, உருண்டையில் பாதியைக் கடித்து வாங்கிக்கொண்டார். தாடையைத் தாழ்த்தினார். மென்றார். விழுங்கினார். இன்னொருமுறை விழுங்கினார். சிவப்புக் குழம்பு வலது ஓரமாக வழிந்து டையில் இறங்கியது. அந்த அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குழம்பு அவருடைய முழங்கை வரை வழிந்திருந்தது, அதை நக்கிக்கொண்டிருந்தார். மீதிப் பாதியை நீட்டினார். அதுவும் போயிற்று.

"இப்ப நீங்க அம்மாவுக்குக் குடுக்கணும், மாமா."

மகள் அப்பத்தைக் கிழிக்கக் கை நீட்டினாள். கேப்டன் தலையாட்டி மறுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கி, அந்த விரல்களால் அப்பத்தின் விளிம்பைக் கிள்ளினார். நேரமாயிற்று. துண்டு பிய்ந்தது. குழம்பைத் தொட்டார், தூக்கினார். பாதி தூரத்தில் கை தொங்கிற்று. துண்டு அந்த அம்மாவின் மடியில் விழுந்தது, நல்ல உடுப்பின்மேல்.

அந்த அம்மா மடியிலிருந்து அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

"மேசை ரொம்பப் பெருசாம்" என்றான் பையன். "அம்மா கிட்ட வர்றாங்களாம்."

நாற்காலியைக் கரகரவென்று இழுத்து, முட்டி இடிக்க கேப்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தார். இரண்டாவது துண்டு போய்ச் சேர்ந்தது.

"அவங்களைச் சாப்பிடறப்ப வாயை மூடிக்கச் சொல்லுப்பா" என்றார் கேப்டன். பையன் அதையும் மொழிபெயர்த்துவிட்டான். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வளையல்கள் குலுங்கின. கல்யாணம் அங்கேயே முடிவாயிற்று.

மறுநாள் காலை நான் போனபோது படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கேப்டன் பெரிய மேசையில் உட்கார்ந்திருந்தார், முன்னால் ரொட்டித் தட்டு. மகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பியவள், திரும்பி வந்து அவர் பக்கத்தில் குனிந்து வாயைத் திறந்தாள்.

"நேரமாகலையா உனக்கு?"

"ஆகுது. சீக்கிரம் குடுங்க."

மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு ஒரு துண்டைத் தூக்கினார். ரொட்டி வாய்க்குப் போயிற்று, அதிலிருந்த ஜாம் கோட்டில் விழுந்தது. அவள் திட்டிக்கொண்டே வேறு கோட்டு மாற்றிக்கொண்டு ஓடினாள். நான் அந்தக் கோட்டையும் முந்தின நாள் டையையும் எடுத்துப்போய் ஒரே வாளியில் ஊறவைத்தேன்.