கிளியனூர் ரோட்டுக்குக் கிழக்கே

திண்டிவனத்தில் ஒரு சவுக்கு மரக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, சொந்த யாவாரம் செய்யலாம் என்று ஒரு நாள் விலகினேன். முதலாளி தடுக்கவில்லை. அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இப்போதும் எங்காவது லாரியில் பச்சைச் சவுக்கு போனால், உரித்த பட்டையின் அந்தத் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறும்... நான் விழுப்புரத்திலிருந்து லோடு ஏற்ற வந்தவன். முதல் நாள் சோற்றிலும் அந்த வாசனைதான் அடித்தது. அந்தக் கம்பெனிதான் என்னைத் தோப்பு பார்க்கிற ஆளாக்கியது. பைக் வாங்கியது, தங்கச்சி கல்யாணம், வீட்டுக்குத் தளம் போட்டது... எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். அதை எங்கேயும் சொல்வேன்.

தோப்பு பார்ப்பது என்றால், நிற்கிற மரத்தைப் பார்த்தே வெட்டினால் எத்தனை டன் தேறும் என்று சொல்ல வேண்டும். ஓரத்து வரிசை எப்போதும் கொழுத்துத்தான் நிற்கும். "ஓரத்துல நின்னு வெல பேசறவன் ஊர வுட்டு ஓடுவான். நடுவுல போயி நில்லுடா" என்பார் முதலாளி.

நான் பார்த்த தோப்புக்கு மறுநாள் இன்னொருத்தரை அனுப்புவார். எனக்குத் தெரியாமல். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். யாரையும் நம்பாத மனுஷர்.

அப்படிப்பட்டவர், நான் போகிறேன் என்றதும் சொன்னது இது:

"போய்ட்டு வா ஏழுமல. கிளியனூர் ரோட்டுக்குக் கெழக்கால நீ எடுத்துக்கோ, நான் வரல. அஞ்சலையயும் இட்டுக்கினு போ."

அஞ்சலை, மரம் வெட்டுகிற ஆட்களின் மேஸ்திரி. பேருக்கு அவள் புருஷன்தான் மேஸ்திரி. ஆள் சேர்ப்பது, வேலை வாங்குவது, திட்டுவது எல்லாம் இவள்.

கிழக்கே கடலோர மணல். சவுக்கு அங்கேதான் செழித்து வரும். நல்ல பக்கத்தையும் கொடுத்து, நல்ல மேஸ்திரியையும் கொடுக்கிறார் என்றால்... கூடவே வேவு பார்க்கவும் ஆள் வைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

பட்ட மாதிரியே நடந்தது. நான் பேசி வைத்திருந்த முதல் தோப்பு கை நழுவியது. "வேற பார்ட்டி வந்துட்டாங்கப்பா" என்றார் தோப்புக்காரர். யார் என்று சொல்லவில்லை. நான் அதற்கு விலை பேசியது அஞ்சலைக்குத் தெரியும். என் கையில் இருந்த முதலுக்கு ரொம்ப நாள் காத்திருக்க முடியாது. இன்னொன்றும் போனால் திரும்ப லோடு ஏற்றப் போக வேண்டியதுதான்.

அதனால் ஒரு பொறி வைத்தேன்.

ஏரிக்கரையில் ஒரு தோப்பு. ஓர வரிசை கண்ணைப் பறிக்கும். நடுவே போனால் பாதி மரம் வண்டு துளைத்தது. நான் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்திருந்தேன். அஞ்சலையிடம் மட்டும் சொன்னேன்:

"நாளிக்கிக் காலைல ஏரிக்கரத் தோப்புக்கு அட்வான்ஸ் குடுக்கறேன். யாருகிட்டயும் மூச்சு வுடாத."

"நான் இன்னாத்துக்குண்ணா சொல்லப் போறேன்?" என்றாள்.

கம்பெனி ஆள் வந்து விலையை ஏற்றினால் வேவு உறுதி. வண்டு தின்ற தோப்பும் அவர்கள் தலையிலேயே விழும்.

காலையில் போனேன். கம்பெனி ஆள் இல்லை... வேலியோரம் முதலாளியே நிற்கிறார். மாட்டிக்கொண்டார் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்டா, கண்ணு அவிஞ்சி பூடுச்சா? உள்ள போய்ப் பாத்தியா? பூரா வண்டு! இதுக்குப் போயி அட்வான்ஸா?"

தலை, சட்டை, வேட்டி எல்லாம் சவுக்கு ஊசி இலை. முட்டி வலிக்காரர், நடுத்தோப்பு வரை போய்விட்டு வந்திருக்கிறார்.

"உங்களுக்கு யாரு சொன்னது மொதலாளி?"

"அஞ்சலதான். பக்கத்துத் தோப்பு வெட்டும்போதே வண்டு பாத்தாளாம். 'நான் சொன்னா அந்தாளு சந்தேகப்படுவாரு, நீங்க ஜல்தியா போயி சொல்லுங்க'ன்னு போன் பண்ணா."

பிறகு என் முகத்தையே பார்த்தார். அவரிடம் மறைக்க முடியுமா?

"ஓ... தெரிஞ்சேதான் வந்தியா? என்னயே வேவு பாக்கறியா?" சிரித்தார். "நல்லாத்தான் கத்துக்கின."

"பின்ன, மொதத் தோப்பு எப்பிடிப் போச்சி?"

"பாண்டிச்சேரி பார்ட்டி எடுத்துக்கினு பூட்டான். வேணும்னா போயி விசாரிச்சிக்கோ."

அன்று மத்தியானமே விசாரித்தேன். உண்மைதான். ஆனால் வேலியோரத்தில் முதலாளி அதோடு விடவில்லை.

"ரெண்டாவது ஆள அனுப்பனது உன்ன நம்பாம மட்டுந்தான்னு நெனச்சிக்கினியா? எவ்ளோ நல்ல கண்ணும் ஒரு நாள் தப்பும்டா. இப்போ தனியா பூட்ட. உனுக்கு ரெண்டாவது ஆளு யாரு இருக்கான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் உடனே உருகிவிடவில்லை. அவரிடம் வேலை பார்த்தவன் இல்லையா... "கெழக்குப் பக்கத்த ஏன் வுட்டீங்க?" என்று கேட்டேன்.

"மணல்ல நடக்க முடியலடா."

அந்தப் பதிலை இன்று வரை நான் முழுசாக நம்பவில்லை.

அஞ்சலை ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என்ன சோதிக்கறதுக்கு நான் இன்னா பரீட்ச எழுதற புள்ளயா?" என்று வெட்டாட்கள் முன்னாலேயே கேட்டாள். கேட்டுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் தோப்பு வாட்ஸப் வீடியோவில் வருகிறது. டிரோன் விட்டுக்கூடக் காட்டுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் எந்தத் தோப்பும் பச்சைதான்... உள்ளே இறங்கி நடக்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். முதலாளிக்கும் இப்போது நடை இல்லை. அவர் வாங்குகிற தோப்பை நான்தான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். நான் வந்த பிறகு இன்னொருத்தரையும் அனுப்புகிறார் என்று கேள்வி. அனுப்பட்டும்.

எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அந்த வேலியோரம் பேசி முடித்தது இவ்வளவுதான்: ரோட்டுக்குக் கிழக்கே எனக்கு, மேற்கே விழுப்புரம் வரை கம்பெனிக்கு. அஞ்சலை ஆட்கள் யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு. ஒருத்தர் தோப்பை மற்றவர் நடு வரை போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. டீ மட்டும்... தோப்பு எடுக்கிறவர் செலவு.