எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டர்

டோர்கில் ராவ்னுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஹோல்ஸ்டெப்ரோ பால் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்த்துவந்தார். அங்கே குப்பியின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்தப் பண்ணையின் பால் என்று சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. அவருடைய மைத்துனரும் மாடு வளர்க்கிறவர்தான். ஒருமுறை அந்தப் பண்ணைப் பாலையே தேறவில்லை என்று எழுதித் தள்ளுபடி செய்திருக்கிறார். மாதக் கடைசியில்தான் இருவருக்கும் விஷயம் தெரிந்தது. மைத்துனர் இரண்டு வாரம் பேசவில்லை. டோர்கிலுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் இசை கேட்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. முப்பது பேர் இருப்போம். நான் நூலகத்தில் வேலை செய்கிறேன் என்பதால் சங்கத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மற்றவர்கள் கார் விலைக்கு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கிறவர்கள். டோர்கிலுக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு புத்தகத்தின் அளவே இருக்கிற, ஆயிரத்து ஐந்நூறு குரோனருக்குள் கிடைக்கிற சின்னப் பெட்டிகள் மேல்தான் அவருக்கு ஆசை. சமையலறை அலமாரியில் வைத்துக் கேட்கிறவர்களுக்கும் நல்ல சத்தம் வேண்டாமா என்பார்.

சோதனை அவர் வீட்டு முன்னறையில் நடக்கும். எப்போதும் அதே ஸ்பீக்கர், அதே ஆறு பாட்டு. சத்தம் எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று மீட்டர் வைத்து அளப்பார். பெட்டியின் மேல் பாத்திரம் துடைக்கும் துணியைப் போட்டு மூடி எண் ஒட்டிவிடுவார். அவர் முதுகைத் திருப்பிக்கொள்ள, மனைவி இங்கெலிஸ் கம்பியை மாற்றிக் கொடுப்பாள்.

"இந்த வீட்ல நம்பர் ஒட்டாம இருக்கிறது நான் ஒருத்திதான்," என்று என்னிடம் சொல்லுவாள். "என்னைக்கு எனக்கும் ஒண்ணு ஒட்டப்போறாரோ தெரியல."

யாரிடமும் எதையும் இனாமாக வாங்க மாட்டார். கம்பெனிக்காரர்கள் அனுப்பினால் சோதித்துவிட்டுத் தபால் செலவைத் தானே போட்டுத் திருப்பி அனுப்புவார். இன்னொரு விதியும் வைத்திருந்தார். இந்தச் சின்னப் பெட்டிகளுக்குச் சுவரில் செருகுகிற தனி அடாப்டர் வேண்டும். சிலவற்றோடு அது வரும், சிலவற்றோடு வராது. ஒருத்தருக்கு நல்ல அடாப்டர், ஒருத்தருக்கு மட்டமானது என்றால் எப்படி ஒப்பிடுவது? அதனால் தன்னுடைய ஒரே அடாப்டரை எல்லாவற்றுக்கும் போடுவார். வாசகர்கள் இதை மெச்சிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சங்கப் பக்கத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைப் படிக்கத்தான் வந்தார்கள்.

அந்த ஆகஸ்டில் லெம்வியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அக்காவும் தம்பியுமாக இரண்டே பேர் நடத்துகிற பட்டறை. பெட்டிக்குப் பெயர் வீபெ. வயலில் கத்திக்கொண்டு திரிகிற ஆட்காட்டிப் பறவையை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். டோர்கில் கேட்டார். பாட்டு நன்றாகவே இருந்தது. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம். அவர் எழுதியதில் கடைசி வரி இது: "தேனீ வேண்டுமென்றால் எங்கள் தெருவிலேயே ஒருவர் வளர்க்கிறார், அவரிடம் மலிவாகக் கிடைக்கும்."

நானும் சிரித்துக்கொண்டேதான் அதைப் பக்கத்தில் ஏற்றினேன். அதை மறைத்துப் பயனில்லை. அந்த வரி நாலைந்து இடங்களில் பரவி, ஸ்வீடனில்கூட யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்துப் பட்டறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "விமர்சனம் படித்தோம். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். எந்த அடாப்டர் போட்டுக் கேட்டீர்கள்? எங்களுடையது அட்டைப்பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. சிஸ்ஸல் ஹோல்க்." டோர்கில் அதைப் படித்தார். அடி வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும் ஏதாவது ஒரு சாக்கு எழுதும் என்பது அவருக்குப் பழக்கம். பதில் போடவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், புதுப் பெட்டி ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தன்னுடைய சொந்த ஆம்ப்ளிஃபயரை அந்த வருடத்தில் முதல்முறையாக அலமாரியிலிருந்து இறக்கினார். நான்கு வருடமாக அவருக்கு அளவுகோல் அதுதான். அதைவிட அமைதியான பெட்டி கிடையாது என்று பத்துத் தடவை எழுதியிருக்கிறார். செருகினார். அதிலும் அதே ரீங்காரம்.

பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று முதலில் நினைத்தாராம். கம்பியை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். குளிர்பெட்டியை அணைத்துப் பார்த்தார். கடைசியாக, இங்கெலிஸின் மடிக்கணினிக்குப் பக்கத்தில் கிடந்த வேறொரு அடாப்டரைச் செருகினார். ரீங்காரம் போய்விட்டது.

பழைய அடாப்டரின் வயர் பிப்ரவரியில் விட்டுப்போயிருந்தது. மின்சாதனக் கடையில் அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கிச் செருகியிருந்தார். அதை எங்கும் குறித்துவைக்கவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவர் எழுதியவை ஏழு விமர்சனங்கள். சிலவற்றில் ரீங்காரம் கேட்டு, பழியைப் பெட்டி மேலேயே போட்டிருந்தார்.

அடுத்த ஒன்பது நாள் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். தினமும் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் முன்னறைக்குப் போய் அந்த அடாப்டரைச் செருகி, காதை ஸ்பீக்கருக்கு அருகில் வைத்துக் கேட்பார். இன்றைக்காவது ரீங்காரம் இல்லாமல் இருக்காதா, தான் அன்று கேட்டதுதான் தப்பாக இருக்காதா என்று. தினமும் அது இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. இங்கெலிஸ் அவரை மருத்துவரிடம் கூட்டிப்போவதாகச் சொன்ன பிறகுதான், நூலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"யூட்டெ, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

எனக்கு முதலில் வேறு என்னென்னவோ தோன்றியது. விஷயத்தைக் கேட்டதும் அப்பாடா என்று சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத. வீபெக்கு நான் போட்டது கெட்டுப்போன அடாப்டர். நல்லது அவங்க அனுப்பின அட்டைப்பெட்டியிலயே இருந்துச்சு. நியாயம் நியாயம்னு சொல்லி நான்தான் அதை எடுத்து ஓரமா வெச்சேன். அந்தப் பொண்ணு கேட்டாளே, எந்த அடாப்டர்னு! கேட்டாளே!"

சங்கத்தில் மூத்தவரான எப்பேவிடம் யோசனை கேட்டோம். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அந்த வரியை எடுத்துட்டு, மதிப்பெண்ணை ரெண்டு கூட்டிப் போட்டுரு. எவன் பாக்கப்போறான்? உன் பெட்டி எல்லாம் சேத்தாலும் என் ஆம்ப்ளிஃபயரோட ஒரு வால்வு விலை வராது. இதுக்குப் போயி உடம்பைக் கெடுத்துக்கிறியே."

"வாங்காம போனவங்க பாத்தாங்களே எப்பே."

"உன்கூடப் பேச முடியாதுப்பா."

அந்த வெள்ளிக்கிழமை டோர்கில் லெம்விக்குக் கிளம்பினார். நானும் வர வேண்டும் என்றார். "நீ பேச வேண்டாம். பக்கத்துல நின்னா போதும்." வழி நெடுக மழை. சொல்ல வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் காரை நிறுத்தி, திரும்பிவிடலாமா என்று கேட்டார். பிறகு அவரே மறுபடி கிளப்பினார்.

பட்டறை ஒரு கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. சிஸ்ஸலுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு மின்தகட்டில் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் டோர்கிலா? போட்டோல இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தீங்க."

அவர் தயார்செய்து வந்தது எல்லாம் போய்விட்டது. நின்றபடியே, தட்டுத்தடுமாறி, அடாப்டர் கதையைச் சொல்லி முடித்தார். அவள் பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பதிமூணு நாளாச்சு."

"நான் எழுதி ஒரு மாசமாச்சு. அன்னிக்கே படிச்சீங்களா?"

"படிச்சேன். எல்லாரும் சொல்ற சாக்குன்னு நெனச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். "ஓர்ஹூஸ் ஊர்க் கடைக்காரர் ஒருத்தர் நாப்பது பெட்டி கேட்டிருந்தாரு. உங்க தேனீ வரியை வெட்டி எனக்கு அனுப்பிச்சு, வேணாம்னு சொல்லிட்டாரு. ஆஸ்கெர், என் தம்பி, இப்ப துறைமுகத்துல மீனுக்கு ஐஸ் அள்ளிக்கிட்டிருக்கான். நேத்துகூட வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்துட்டுப் போனான். எதுக்குன்னு அவனுக்கே தெரியல."

"மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். எழுதுவீங்களா?"

"எழுதுவேன். மறுபடியும் சோதிக்கிறேன். நீங்க வேணா கூட வந்து உக்காந்து..."

"நான் உக்காந்தா அது சோதனையா? தப்பை எங்க எழுதப்போறீங்க? மேலயா, கீழ பொடி எழுத்துலயா?"

"மேல."

"அப்பப் போயி எழுதுங்க. காப்பி குடிக்கச் சொல்ல எனக்கு இன்னிக்கு மனசு வரல."

காருக்குத் திரும்பியதும், சாவியைப் போடுவதற்கு முன்பே டோர்கில் நோட்டை எடுத்துத் திருத்தத்தை எழுதத் தொடங்கினார்.

திருத்தத்தைப் பக்கத்தின் உச்சியில் போட்டோம். தேனீ வரியை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டு விட்டுவைக்கச் சொன்னார். ஏழு விமர்சனமும் சந்தேகத்துக்குரியவை என்று எழுதினார். பாராட்டு வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தது வேறு. "லெம்விக்காரர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று ஒருவர் கேட்டார். "தன் காதை நம்பாதவர் நமக்குக் காது கடன் கொடுத்திருக்கிறார்," என்று இன்னொருவர். ஏழில் ஒன்றை அவர் பேச்சை நம்பி வாங்கிய ஒரு செவிலி, "அப்போ நான் வாங்கினது நல்லதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க," என்று தொலைபேசியிலேயே கூப்பிட்டுவிட்டாள். ஆறு வாரம் பொறுங்கள் என்றார் டோர்கில். இருபது வருடமாக ஒரு பைசா வாங்காதவரை லஞ்சக்காரர் என்று சொல்லக் கேட்டபோது, அவர் வாசகர் கடிதங்களைத் திறக்கவே பயப்படுகிற நிலைக்கு வந்துவிட்டார். நான்தான் படித்து, அவசியமானதை மட்டும் சொன்னேன்.

திருப்பி அனுப்பிய பெட்டிகளை மறுபடி வரவழைத்து, ஆறு வாரமும் மாலை நேரமெல்லாம் மறுசோதனை. இந்தத் தடவை ஒவ்வொரு பெட்டிக்கும் அதனுடைய சொந்த அடாப்டர். அது இல்லாதவற்றுக்கு, தொழிற்சாலை மின்பணியாளரிடம் அளந்து வாங்கிய ஒன்று. நான்கு பெட்டிகளுக்கு அவர் அநியாயம் செய்திருந்தது தெரிந்தது. செவிலி வாங்கியது நல்லதுதான். வீபெயில் சிறு முணுமுணுப்புகூட இல்லை.

ஆனால் அதில் வேறொன்று அகப்பட்டது. சத்தத்தை மிகவும் குறைத்தால் பாட்டு இடப் பக்கம் சாய்ந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழில் கோளாறு. முதல் தடவை ரீங்காரத்தில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அதைக் கண்டுபிடித்த மாலை நானும் அங்கே இருந்தேன். டோர்கில் துணியை எடுத்துப் பார்த்து, அது வீபெ என்று தெரிந்ததும், மறுபடி மூடிவிட்டு நாற்காலியில் சரிந்தார்.

"இதை எப்படி எழுதுவேன்? ஏற்கெனவே ஒரு தடவை அவங்க வயித்துல அடிச்சாச்சு."

இங்கெலிஸ் கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அவ உங்கிட்ட இரக்கத்தையா கேட்டா? மேலயா கீழயான்னுதான கேட்டா. எழுதாம விட்டா, உன்னை லஞ்சக்காரன்னு சொன்னவன் சொன்னது நெசமாயிடும்."

"எழுதினா அவ பட்டறையை மூடிருவாளே."

"மூடுவாளா மாட்டாளான்னு அவகிட்டயே கேளேன். நீ ஏன் இங்க உக்காந்து அவளுக்கும் சேத்துப் பயப்படுற?"

அளவுகளையெல்லாம் சிஸ்ஸலுக்கு அனுப்பினார். ஒரு வாரம் காத்திருப்பதாகவும், அதற்குள் தவறு இருந்தால் காட்டும்படியும் எழுதினார். ஆறு நாள் பதிலே இல்லை. அந்த ஆறு நாளில் மூன்று கிலோ இளைத்திருப்பார். தினமும் மதியம் நூலகத்துக்குப் போன் போட்டு, "வந்துச்சா?" என்பார், அவருக்கு வருகிற கடிதம் எனக்கு எப்படித் தெரியும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஏழாம் நாள் வந்தது. "கையில் இருக்கும் பன்னிரண்டையும் பார்த்தோம். ஐந்தில் அப்படித்தான் இருக்கிறது. குமிழை வேறு இடத்தில் வாங்கப்போகிறோம். உள்ளதை எழுதுங்கள்."

எழுதினார். ஏழில் வீபெக்கு மூன்றாம் இடம் கொடுத்தார்.

ஓர்ஹூஸ் கடைக்காரர் திரும்பி வரவில்லை. வீபோரில் வேறொருவர் பத்துப் பெட்டி எடுத்தார், பிறகு இன்னும் பதினைந்து. ஆஸ்கெர் துறைமுக வேலையை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பட்டறைக்கு வருகிறான் என்று கேள்வி. சிஸ்ஸல் அதற்குப் பிறகு எதுவும் எழுதியதில்லை. எங்கள் பக்கத்துக்கு வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டார்கள். டோர்கில் இப்போது வருடத்துக்கு நான்கைந்து பெட்டிகள்தான் பார்க்கிறார். என்ன அடாப்டர், எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது என்பதெல்லாம் முதல் வரியிலேயே இருக்கும். வெளியிடுவதற்கு ஒரு வாரம் முன்பே தயாரித்தவருக்கு அனுப்பிவிடுகிறார். அது கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதையும் நான் ஏற்றுகிறேன்.

பயம் மட்டும் போகவில்லை. ஜனவரிக் கூட்டத்தில் புது உறுப்பினர் ஒருவர், மகள் தனியாகக் குடிபோயிருக்கிறாள், அவளுக்கு எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டார். டோர்கில் அறை எவ்வளவு பெரியது என்றார். என்ன ஸ்பீக்கர், பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு தடிப்பு, அவள் எந்த மாதிரிப் பாட்டு கேட்பாள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நோட்டை எடுத்து மகளின் முகவரியைக் குறித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

"ஒரு பேரைச் சொல்லுப்பா, வாங்கிட்டுப் போறாரு," என்று எப்பே அதட்டினார்.

டோர்கில் முகவரிக்குக் கீழே "அடாப்டர்?" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.