பிரேக் அக்காவுக்கு வந்த போன்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பெயரே 'பிரேக் அக்கா'தான். கற்றுக்கொடுப்பவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். இருபது வருடமாக அதில் கால் வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேரைக் காப்பாற்றியவர். என்னைவிட எட்டு வயது சின்னவர்தான், ஆனாலும் எனக்கும் அக்காதான். நான் தையல்காரன். நூலிழை பிசகாமல் அளவெடுப்பேன்; இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு வண்டியைச் சொருகத்தான் வராது. மூன்று தடவை டெஸ்ட்டில் அதிலேயே ஊற்றிக்கொண்டது.

அன்று அக்கா ஒரு நிலையில் இல்லை. தாயில்லாமல் அவர் கையில் வளர்ந்த தங்கை, கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, காலையிலிருந்து பிரசவ அறையில் இருந்தாள். லீவு போட்டிருக்கலாமே என்றேன்.

"உள்ள யாரையும் விடமாட்டேங்கிறாங்க. அங்க உக்காந்து நகத்தைக் கடிக்கிறதுக்கு, நீங்க ஓட்டுறதப் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கலாம்" என்றார்.

கடைத்தெரு சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. அக்காவின் கை பாய்ந்து, பாதியில் நின்றுவிட்டது. எங்களை ஒட்டி ஒரு போலீஸ்காரர் பைக்கில் நின்றிருந்தார்.

"நீங்க ஓட்டலையே, எடுங்கக்கா!"

"சொல்லிக்குடுக்கிற ஆளும் ஓட்டுற ஆளுதான். இந்த மாசத்திலேருந்து சட்டம். சிக்னல்ல நின்னாக்கூடத் தொடக்கூடாது, தொட்டா என் லைசென்ஸ் போச்சு. ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைக்கணும். நேத்து முப்பது பேரை உக்கார வச்சு நான்தானே வகுப்பு எடுத்தேன்!" அழுகிற குரலில் சொன்னார்.

பச்சை விழுந்தது. தெருவின் இரண்டு ஓரமும் அடைத்துக்கொண்டு வண்டிகள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மருந்துக்கடையைத் தாண்டி ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது.

"அங்க நிறுத்துறேன்கா."

"அதுலயா? நீங்களா?"

சுருக்கென்றது. வந்த ரோஷத்தில் ரிவர்ஸ் போட்டேன். சட்டைக்குக் கை பொருத்துகிற மாதிரி, இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும். அக்கா பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி ஓரத்தோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தது!

"அணைச்சாச்சு! எடுங்கக்கா, எடுங்க!" என்று கத்தினேன்.

அவசரத்தில் அவர் எதையோ அமுக்க, ஸ்பீக்கரில் தங்கையின் குரலே கேட்டது.

"எத்தனை தடவை அடிக்கிறது? எங்க போய்த் தொலைஞ்ச?"

"வண்டியிலடி! எடுக்கக் கூடாதுடி! சொல்லித் தொலையேன்!"

"பொண்ணுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் நான் ஸ்டீயரிங்கில் ஓங்கித் தட்ட, ஹாரன் தெருவையே அலற வைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார்.

"மாப்பிள்ளை என்னடி சொல்றாரு?"

"அவருக்கு இன்னும் தெரியாது. வெளியதான் நிக்கிறாரு. இது நர்ஸோட போன். உன்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு, அவங்களைப் போகவிடாம கையைப் பிடிச்சு வச்சிருக்கேன்."