ரெம்பாங் பட்டினத்து வழி

ஜெர்மனியில் அப்பா வுப்பர்டால் நகரத்தில் இருந்தார். அம்மாவையும் என்னையும் சித்தப்பாவையும் பீலெஃபெல்ட் நகரத்துக்கு அப்பால் ஒரு அகதி விடுதியில் போட்டிருந்தார்கள். அனுமதி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த அனுமதியைக் கேட்க அம்மாவுக்கு ஒரு டெர்மின், அலுவலரைச் சந்திக்கிற நேரம், கிடைத்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முன் அதுதான் கடைசி. தவறினால் அப்பாவைப் பார்ப்பது புதுவருடத்துக்குப் பிறகுதான்.

வழிகாட்டச் சித்தப்பா வந்தார். கப்பலில் வேலை செய்தவர். இயந்திரம் பழுதாகி, ஜாவாவின் வடகரையில் ரெம்பாங் என்ற சின்னப் பட்டினத்தில் இரண்டு வருடம் கிடந்தவர். எந்த ஊரையும் அந்த ஊரை வைத்தே அளப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிப்பை முடித்தவன் நான்; பின்னாளில் நிலப்படத்தில் தேடினேன், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது.

பஸ்ஸால் இறங்கியதும் அம்மா, "ஆரையும் கேளுங்கோவன் தம்பி" என்றார்.

"கேக்கத் தேவையில்லை அண்ணி. ரெம்பாங்கில நடுவில முற்றவெளி. மேற்கால பள்ளிவாசல், வடக்கால கடல். வெளியைப் பாத்தபடி பெரிய துரையின்ர கந்தோர். அலுவலகத்தை அங்கையும் கந்தோர் எண்டுதான் சொல்லுறவை. எந்த ஊரிலயும் கோயிலைக் கண்டால் கந்தோரைக் கண்ட மாதிரி."

தேவாலயக் கோபுரத்தைப் பார்த்துச் சேறான பனியில் நடந்தோம். சதுக்கம் இருந்தது. அதைப் பார்த்தபடி கொடி கட்டிய பழைய கல் கட்டடமும் இருந்தது. "நான் சொன்னனான்தானே" என்றார் சித்தப்பா. உள்ளே நல்ல உடுப்போடு ஆட்கள் காத்திருந்தார்கள். நாங்களும் கடைசியில் இருந்தோம். ஒரு முதிய பெண் எனக்கு இனிப்புத் தந்தார். இவ்வளவு மரியாதையை எதிர்பார்க்காத அம்மா கொஞ்சம் நிமிர்ந்து இருந்தார். வெகுநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் மணப்பெண் வந்தாள். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அது கல்யாணம் பதிகிற இடம்.

எங்களுடைய அலுவலகம், நாங்கள் பஸ்ஸால் இறங்கிய இடத்துக்குப் பின்னால் இருந்த சீமெந்துக் கட்டடம். ஓடிப் போனபோது அலுவலர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "யானுவார்" என்றார். இனி ஜனவரியில்தான். அம்மா கெஞ்சவில்லை. கெஞ்சவும் தெம்பு வேண்டுமே.

பஸ் தரிப்பில் சித்தப்பா தலை நிமிரவில்லை. "அங்க நான் ஒருநாளும் வழி மாறினதில்லை அண்ணி."

"அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"மனிசியும் பிள்ளையும். கப்பல் வெளிக்கிடேக்க கைக்குழந்தை. இப்ப இவன்ர வயசிருக்கும்."

அம்மா பையிலிருந்த ரொட்டியை எடுத்து, பெரிய துண்டை அவர் கையில் வைத்து, "சாப்பிடுங்கோ" என்றார்.

என்னை அப்பாவிடம் போகவிடாமல் செய்தவருக்கே பெரிய துண்டா என்று எனக்கு அழுகை முட்டியது. முகம் தெரியாத அந்தப் பிள்ளையின் மேல் பொறாமையும் வந்தது. அதற்கென்ன, சொந்த ஊரில் இருக்கிறது, இந்த எல்லையைத் தாண்டாதே என்று சொல்ல ஒருவருமில்லை. அந்தப் பிள்ளையும் தன் தாயிடம், அப்பா எப்ப வருவார் என்று கேட்டுக்கொண்டிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.