பதினாறு அங்குலம்

யாராவது எழுந்து போனால், அந்த இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. ஆஸ்பத்திரி பெஞ்சோ, முடிவெட்டும் கடை நாற்காலியோ, எதுவும் தப்பாது. சட்டைப் பையில் எப்போதும் ஓர் இஞ்சுடேப். "ஒரு ஆளுக்குப் பதினாறு அங்குலம். அதுக்குக் கொறஞ்சா அது சீட் இல்ல, தண்டனை" என்பார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபத்தாறு வருடமாக இருக்கை பொருத்துகிறவர். உடன் வேலை செய்கிறவர்கள் 'பதினாறு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

ஒரு வண்டிக்கு இருக்கையெல்லாம் பொருத்தி முடித்ததும், எத்தனை பேர் உட்காரலாம் என்று படிக்கு மேலே சாக்கட்டியால் எழுதுவார். பெயிண்டர் பிறகு அதன்மேல் வண்ணம் தீட்டுவார். தெருவில் போகிற பஸ்ஸைக் காட்டி, "அந்த நாப்பத்தெட்டு நம்ம நாப்பத்தெட்டு" என்று மனைவியிடம் சொல்வதில் அவருக்கு இன்றுவரை அலுப்பு வந்ததில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்குத்தான் காது புளித்துவிட்டது.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் உட்கார இடமில்லை. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். கூடம் பத்தடிக்கு ஒன்பதடி. அதில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, மனைவியின் தையல் மெஷின், அதற்கொரு ஸ்டூல். தரையில் பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாது. மகள் கல்லூரியில் படித்தபோது ஒருநாள் தோழிகள் ஒன்பது பேரைக் கூட்டிவந்தாள். இரண்டு பேர் கடைசிவரை சுவரில் சாய்ந்து நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் சீட் போடுகிறவன் வீட்டில் பிள்ளைகள் நின்றார்கள் என்பது ஆறு வருடமாக அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

போன மாதம் மகள், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளர் ஆனாள். கூட வேலை செய்கிற பதினொரு பேரும் வீட்டுக்கு வரப்போவதாகச் சொன்னார்களாம். "ஹோட்டல்ல வச்சுக்கலாமான்னு பாக்கறேன்ப்பா" என்று இழுத்தாள்.

"வீட்டுக்கே வரச் சொல்லும்மா. ஒருத்தர்கூட நிக்க மாட்டாங்க" என்றார் அவர்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். ஜன்னலுக்குக் கீழே ஐந்தடி பெஞ்சு. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே போர்வைகளெல்லாம் அடங்கும். அதில் மூன்று பேர் போக, பன்னிரண்டு அங்குலம் மிஞ்சியது. அங்கே இன்னொருத்தர் உட்காரலாமே என்ற மனைவியிடம், மிச்ச இடத்தையும் சீட்டாக எண்ணுவது கண்டக்டர் புத்தி என்று கடிந்துகொண்டார். எதிர்ச் சுவரில் கீல் வைத்து மடக்குகிற பலகை ஒன்று. அதில் இரண்டு பேர். வேண்டாதபோது சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும். மனைவி பஸ் சீட் ரெக்சினில் உறை தைத்துக்கொண்டே, "தூங்கறப்பவும் அளந்துதான் எனக்கு இடம் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். அவர் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டார்.

பலகை தாங்குமா என்று பார்க்க, பக்கத்து வீட்டு லாரி டிரைவரை அழைத்துவந்தார். நல்ல கனத்த சரீரம். பாவம், சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வந்தவரைப் பத்துத் தடவை உட்காரவைத்து எழுப்பி, ஒரு டீயோடு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசியாக எண்ணினார். பெஞ்சில் மூன்று, பலகையில் இரண்டு, கட்டிலில் நாலு, நாற்காலி இரண்டு, ஸ்டூல் ஒன்று. வருகிறவர்கள் பதினொன்று, மகளோடு பன்னிரண்டு. வாசல் கதவுக்கு மேலே, உள்பக்கம், சாக்கட்டியால் '12' என்று எழுதினார்.

வந்தார்கள். பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பலகை முனகவில்லை, யார் முழங்காலும் யார்மீதும் இடிக்கவில்லை. சமையலறை வாசலில் மனைவியோடு நின்று பார்த்த அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மடக்குப் பலகையில் இருந்த பையன் குனிந்து கீலைத் தொட்டுப் பார்த்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போது கட்டிலில் இருந்த பெண், "நீங்களும் அம்மாவும் நிக்கறீங்களே?" என்றாள்.

அவர் வாசலுக்கு மேலே இருந்த பன்னிரண்டை நிமிர்ந்து பார்த்தார். கூட்டல் சரிதான். பட்டறையில் ஏறப்போகிறவர்களைத்தான் எண்ணுவார்கள். வண்டி கட்டினவனை எண்ணுகிற வழக்கமில்லை. வீட்டிலும் அதையே செய்திருந்தார். "நாங்க சீட் போடற ஆளுங்கம்மா, நின்னே பழக்கம்" என்று சிரித்துச் சமாளித்தார்.

மகள் முகம் ஆறு வருடத்துக்கு முன்பு வாடியதைப் போலவே வாடியது. பெஞ்சிலிருந்து எழுந்தாள். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இன்னிக்கு ஆளுக்குப் பதினஞ்சுதான்" என்றாள்.

சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். கட்டிலில் மனைவிக்கு இடம் கிடைத்தது. பெஞ்சில் மகள் அவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். "தண்டனை எப்படிப்பா இருக்கு?" என்று காதோரம் கேட்டாள். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு ஸ்டூலை வாசலில் போட்டு ஏறினார். பன்னிரண்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, பதினான்கு என்று எழுதினார்.