அரிசி மணியில் ஆயிரத்தில் ஒரு பங்கு

பத்து வருடங்களுக்கு முன், எனக்கு ஐம்பத்து மூன்று வயதாக இருந்தபோது, இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அது என் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். அதனால் மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் மாறினாலும் மனைவியின் குடும்பமே காரணம் தேடத் தொடங்கிவிடும்.

என் முகம் மாறி நாலு வருடமாகியிருந்தது. நான் கணக்கு ஆசிரியர். பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன், பள்ளிவாசலில் வரிசைகளை எண்ணுவேன். அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. பாடசாலையால் வந்தால் படுக்கை. யாரோடும் கதையில்லை. மனைவி மேல் இருந்த ஆசையும் அற்றுப்போக, பாயைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போய்விட்டேன். சீனி, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. வயது போகிறது என்று நானே முடிவு கட்டினேன்.

கடைசியாக மட்டக்களப்பில் ஒரு டொக்டரிடம் போனேன். என் மகள் வயதிருக்கும். மற்றவர்கள் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்: "சேர், தாடி முந்தியும் இப்பிடி ஐதாத்தான் இருந்ததா?"

தடவிப் பார்த்தேன். இல்லை, முன்பு அடர்த்தியாக இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் குறைந்திருக்கலாம் என்றார். காலையிலேயே இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு தடவை.

வீட்டில் சொல்ல வெட்கம். விடியற்காலையில் சுபஹுத் தொழுத கையோடு நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, அலுவல் என்று மட்டும் சொல்லி பஸ் ஏறினேன். இரண்டாம் தடவை போய்த் திரும்பியபோது மனைவியின் காக்கா, அவளுடைய மூத்த சகோதரர், வாசலில் கதிரை போட்டுக் காத்திருந்தார்.

"மச்சான், ஒளிக்காமச் சொல்லுங்க. மட்டக்களப்புல ரெண்டாம் கலியாணத்துக்கு ஆரையும் பாத்து வெச்சிரிக்கீங்களா?"

"டொக்டரத்தான் பாத்த," என்றேன் பதறிப்போய்.

"டொக்டர் புள்ளயா?" என்று அவர் எழும்பிவிட்டார்.

கதவுக்குப் பின்னால் மனைவி விம்மும் சத்தம் கேட்டது. சேர்ட்டுக் கையை மடித்து, ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் குனிந்து செருப்பைத் தேடினார்.

மனைவி வெளியே வந்தாள். "நாலு வருசமா என்னயப் புடிக்காமப் போயிட்டு எண்டு நினச்சிட்டிருந்தன். ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?"

அப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் தினமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

ஹோர்மோன் மிகக் குறைவு என்று முடிவு வந்தது. தலையை ஸ்கேன் செய்தார்கள். கட்டி எதுவும் இல்லை; அந்த ஹோர்மோனைச் சுரக்கத் தூண்டும், மூளைக்கு அடியில் இருக்கும் சின்னச் சுரப்பி ஒன்று சரியாக வேலை செய்யவில்லையாம். குறைந்ததை ஈடுகட்ட மூன்று வாரத்துக்கு ஒரு ஹோர்மோன் ஊசி. எனக்கோ இருதயம், புரொஸ்டேட் என்று ஒவ்வொன்றாகப் பயம். டொக்டர் அவற்றைச் சோதித்து, இடைக்கிடை இரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் தொடங்கினார். முதல் ஊசிக்கு மனைவியும் கூட வந்தாள்.

அன்று பின்னேரம் அவள் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் சொன்ன அளவை நான் மனக்கணக்காகப் போட்டேன். உடம்பிலுள்ள இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்க வேண்டிய அந்த ஹோர்மோன், ஓர் அரிசி மணியை ஆயிரம் துண்டாக்கினால் வரும் ஒரு துண்டின் எடை. நம்பாமல் மறுபடியும் போட்டேன். அதே விடை. ஒரு மணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"இதுல ஆயிரத்துல ஒண்டா?" என்றாள். "அதுக்கா மனிசன் நாலு வருசம் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்த!" பிறகு அந்த மணியையே பார்த்துக்கொண்டு, "சுபஹானல்லாஹ்," என்றாள்.

மாற்றம் உடனே வரவில்லை. இரண்டு ஊசி போட்டும் ஒன்றும் தெரியாமல் புலம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவதுக்குப் பிறகு ஒரு நாள், கொடியில் காயப்போட்ட தன் புதுச் சாரனை ஆடு தின்ற கதையை மச்சான் முற்றத்தில் இருந்து சொன்னார். மனைவி அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஆரு வந்திரிக்கிற?"

"ஒருத்தரும் வரல்லயே," என்றார் மச்சான்.

"அப்ப சிரிச்ச ஆரு?"

அவர் என்னைக் காட்டினார். அகப்பையில் இருந்த ஆணம் தரையில் சொட்டச் சொட்ட அவள் அப்படியே நின்றாள். என் சிரிப்பு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

சிரிப்பு, ஆசை, பொறுமை எல்லாம் என் சொந்தக் குணம் என்று ஐம்பது வருடம் நினைத்திருந்தவன் நான். அன்றிலிருந்து, சோர்ந்து ஒதுங்கியிருக்கும் எவரையும் பார்த்து இவர் இப்படித்தான் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. அவருக்குள் கண்ணுக்குத் தெரியாத எது குறைந்திருக்கிறதோ, அதைப் படைத்தவன்தான் அறிவான்.