விடுப்பே எடுக்காத சாந்தாபாய் எங்கள் அக்காதான்

இந்த நினைவு மலரின் அட்டைப்படம் அச்சாகி வந்த அன்றே, "இது யாரு, மராட்டிக்காரம்மா? அக்கா படம் எங்க?" என்று உறவினர் ஒருவர் கேட்டுவிட்டார். அதுதான் அக்கா. பதினெட்டு வயது அக்கா. கச்சம் வைத்துக் கட்டிய சேலையும் பிறை வடிவப் பொட்டும் அவருடையவை அல்ல. படத்துக்காகப் போட்டுவிட்டவை. முகம் மட்டும் அவருடையது. அதை நிரூபிக்கவே அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகள் போயின.

அக்கா புனேயில், போபோடியில் பிறந்தார். போளூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த எங்கள் அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் கூலியாக இருந்தார். அவர் திடீரென்று இறந்ததும் அந்த வேலை அக்காவுக்குக் கிடைத்தது. பெட்டி கட்டும் பிரிவு. படிப்பை நிறுத்திவிட்டுப் போனார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் சிறுமி.

அவர் சேர்ந்த சில மாதங்களில் வங்கதேசப் போர் வந்தது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். சந்துச் சுவர்களிலெல்லாம் சுவரொட்டிகள். மீசை முறுக்கிய சிப்பாய் ஒருவர் விரலை நீட்டிப் படையில் சேரக் கூப்பிடுவார். விளக்கை அணைக்கச் சொல்லி ஒன்று, வதந்தி பேசாதே என்று ஒன்று. அந்தச் சமயம் புகைப்படக்காரர் ஒருவரோடு அதிகாரிகள் தொழிற்சாலைக்கு வந்து, பெண்களை வரிசையில் நிற்க வைத்து, அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்து நாளில் சுவரொட்டி வந்துவிட்டது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். கீழே மராத்தியில், "சகோதரி சாந்தாபாய் விடுப்பு எடுப்பதில்லை. நீங்கள்?"

சாந்தாபாய் என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை. "பேர மாத்திட்டாங்கடி" என்று அக்கா சிரித்தார். அம்மாவுக்கும் பெருமைதான். கடைக்குப் போகும்போது சுற்று வழியில் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார்.

பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் நினைவு தப்பிப் பேச ஆரம்பித்தார். அக்கா இரண்டு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் சுவரொட்டியைக் காட்டி, "சாந்தாபாய் எங்கேயாவது லீவு எடுப்பாளா?" என்று சொல்ல, பிரிவே சிரித்திருக்கிறது. விண்ணப்பத்தின் மேல் சிவப்பு மையில், "சாந்தாபாய்க்கு விடுப்பு கிடையாது. சுவரொட்டியைப் பார்க்கவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அது வேடிக்கை.

மறுநாள் பிற்பகல் அம்மா போய்விட்டார். அருகில் இருந்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் போய்த் தொழிற்சாலை வாசலில் சொல்லியும், வேலை நேரம் முடிந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரியப்படுத்தினார்கள். வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தவர், "ரெண்டே நாளுதாண்டி கேட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்தக் காகிதத்தை அக்கா கிழித்துப் போடவில்லை. ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார்.

என்னைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, அதன் பிறகே அவர் திருமணம் செய்துகொண்டார். அத்தானும் அதே தொழிற்சாலைக்காரர், பொறுமைசாலி. அக்கா ஓய்வு பெறும்வரை தமக்கு உரிய விடுப்பில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருப்பதற்காகவும் விடுப்பு எடுப்பார். எழுதத் தெரியாத பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அதிகாரியின் மேசை முன்னால் அவர்களோடு போய் நிற்பார். "கையெழுத்துப் போட்டாதான் நகருவேன் சாப்" என்பாராம். இதனால் பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. அத்தான் வருத்தப்பட்டார். அக்கா வருத்தப்படவில்லை.

அத்தான் காலமான பிறகு மகன் செந்திலோடு கோந்த்வாவுக்குக் குடிபோனார். ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் செந்தில் ஒரு நாள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அம்மா, இது உன்ன மாதிரியே கீதே" என்றான். போர்க்காலச் சுவரொட்டிகளைச் சேகரித்து ஓர் அமைப்பு கண்காட்சி நடத்துகிறது என்றும், அதில் இது இருக்கிறது என்றும் சொன்னான். படத்தின் கீழே, "மாதிரியாக நின்றவர்: பெயர் தெரியாத மராத்தி நாடக நடிகை" என்று எழுதியிருந்தது.

மறுநாளே அக்காவும் நானும் ஆட்டோவில் கண்காட்சிக்குப் போனோம். பொறுப்பிலிருந்த இளைஞரிடம் அக்கா இந்தியில், "இது நான்" என்றார். அவர் அக்காவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, மரியாதையாகத்தான், "ஆதாரம் ஏதாவது இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டார். திரும்பும் வழியெல்லாம் அக்கா பொருமிக்கொண்டே வந்தார். "என் மூஞ்சிக்கு நானே சாட்சி சொன்னா ஒத்துக்க மாட்டானாமே! நடிகையாம். நான் நடிச்சேனா?"

அந்தச் சிவப்பு மைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். அக்காவின் உண்மைப் பெயரும், சாந்தாபாய் என்ற பெயரும், சுவரொட்டி என்ற சொல்லும் ஒரே தாளில் இருக்கின்றன. இதைவிட என்ன வேண்டும்? இளைஞர் படம் எடுத்துக்கொண்டு, குழுவில் வைத்து முடிவு செய்வோம் என்றார். குழு கூடவில்லை என்றார்கள். கூடியது, ஆனால் வல்லுநர் வரவில்லை என்றார்கள். கண்காட்சியும் முடிந்தது. செந்தில் மூன்று கடிதம் எழுதினான். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை மருத்துவமனை என்றாகிவிட்டது. படுத்தபடியே, "லெட்டர் வந்துச்சா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு முறை வந்துவிட்டது என்று பொய் சொல்லிவிடலாமா என்று செந்திலிடம் கேட்டேன். "படிச்சிக் காட்டுன்னு கேப்பாங்க சித்தி" என்றான். கேட்டிருப்பார்தான். சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுதில், செந்தில் தேநீரோடு வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

அக்காவோடு பெட்டி கட்டிய நான்கு பெண்கள் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அங்கேயே, "எங்க எழுதணும், சொல்லு" என்றார்கள். படத்தில் இருப்பவர் அக்காதான் என்று மூவர் கையெழுத்திட்டார்கள், ஒருவர் கைநாட்டு வைத்தார். அதை அனுப்பிய பிறகு முதன்முதலாகப் பதில் வந்தது. குறிப்பைத் திருத்திவிட்டார்களாம். இப்போது, "தமிழ்த் தொழிலாளி. பெயர் உறுதி செய்யப்படவில்லை" என்று இருக்கிறது.

நடிகை தொழிலாளி ஆகியிருக்கிறார். அவ்வளவுதான்.

அக்காவை மடியில் தாங்கிப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், போபோடியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த உறவினர்களுக்கும், அந்த நான்கு அக்காமார்களுக்கும் எங்கள் குடும்பத்தார் என்றும் கடமைப்பட்டவர்கள். அந்த அமைப்பினருக்கும் ஒரு வரி சேர்க்கலாம் என்று செந்தில் சொன்னான். பாதியாவது செய்தார்களாம். நான் சேர்க்கவில்லை. அக்காவின் பெயரை எழுதட்டும். நானே நேரில் போய் நன்றி சொல்கிறேன்.

— தங்கை